மூன்று ஆண்டு இலவசம் முடிந்தது: மின்சாரக் காரின் நேவிகேஷனுக்குச் சந்தா கட்டலாமா?

கார் வாங்கும்போது இணைய வசதிகள் எல்லாம் மூன்று ஆண்டுக்கு இலவசம் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள். அந்தக் கெடு முடிந்துவிட்டது. புதுப்பித்துக்கொள்ளச் சொல்லிக் குறுஞ்செய்திக்கு மேல் குறுஞ்செய்தி வந்தது. ஆண்டுக்கு ஐந்தாயிரம் ரூபாயை ஒட்டிய தொகை, அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. மின்சாரக் காருக்கே வரி 5 சதவீதம்தான் என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. நெடுஞ்சாலை விரைவு சார்ஜரில் யூனிட் இருபது ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பணத்துக்குச் சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பும் அளவுக்கு மின்சாரம் கிடைக்கும். அதனால் கட்டுவதற்கு முன், இந்த நேவிகேஷன் எனக்கு எங்கே உதவியது, எங்கே கைவிட்டது என்று ஒருமுறை உட்கார்ந்து யோசித்தேன். இதே கேள்வியோடு இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், எதற்குப் பணம் கேட்கிறார்கள் என்பதில் தெளிவு வேண்டும். நாம் எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்லும் செயற்கைக்கோள் சமிக்ஞைக்கு யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. வரைபடமும் காருக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கிறது. காருக்குள் பதித்திருக்கும் இ-சிம் வழியாக வருகிற இணையத்துக்கும், அந்த இணையம் கொண்டுவரும் போக்குவரத்து நிலவரம், வரைபடத் திருத்தம், சார்ஜர் பட்டியல் ஆகியவற்றுக்கும்தான் சந்தா. என் காரில் இன்னொரு விஷயத்தையும் இதற்குள் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். போகிற இடத்தை அடையும்போது பேட்டரியில் எத்தனை சதவீதம் மிஞ்சும் என்ற கணிப்பு அது. சந்தா நின்றால் வரைபடம் இருக்கும், இந்தக் கணிப்பு போய்விடும். வேண்டுமா வேண்டாமா என்ற என் குழப்பம் முழுவதும் இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான்.

ஊருக்குள் ஓட்டுவதற்கு இதற்குப் பணம் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. சென்னையில் மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஆற்காடு சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் தடுப்புகள் இன்றைக்கு ஓரிடம், அடுத்த வாரம் வேறிடம். காரின் வரைபடம் மூடிய திருப்பத்துக்குள் என்னைப் போகச் சொல்லும் வேளையில், கைப்பேசியில் கூகுள் மேப் மாற்றுவழியைக் காட்டியிருக்கும். காரணம் எளிது. சாலையில் இருக்கும் ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் எந்த வேகத்தில் நகர்கின்றன என்பதை வைத்துத்தான் கூகுள் நெரிசலைக் கணிக்கிறது. ஒரு கார் நிறுவனத்துக்கு அத்தனை கண்கள் கிடைப்பதில்லை. கைப்பேசியை ஆண்ட்ராய்டு ஆட்டோ வழியாகக் காரின் திரையிலேயே காட்டிக்கொள்ளலாம் என்பதால் பெரிய திரை என்ற வாதமும் நிற்காது.

சார்ஜர் பட்டியலும் அப்படித்தான். திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் சார்ஜர் இருப்பதாகக் கார் காட்டியது, பச்சை நிறத்தில். போய்ப் பார்த்தால் இயந்திரத்தின் திரை இருண்டு கிடக்கிறது. காரில் செருகும் கன்னை மாட்டும் கொக்கியில் யாரோ துடைப்பத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். கேபிளைச் சுருட்டி மேலே சாக்குப்பை போட்டு மூடியிருந்தது. "அது தீபாவளிக்கு முன்பே நின்றுவிட்டது மேடம். அடுத்த ஓட்டலில் புதிதாக ஒன்று போட்டிருக்கிறார்கள், அங்கே போங்கள்" என்றார் காற்றடிக்கும் பெரியவர். அவர் சொன்ன சார்ஜர் காரின் பட்டியலிலேயே இல்லை. அன்று முதல் நெடுஞ்சாலையில் சார்ஜரைத் தேடுவதற்குக் காரை நான் கேட்பதில்லை. பிளக்‌ஷேரில் (சார்ஜர்களைப் பற்றி ஓட்டுபவர்களே எழுதும் செயலி) கடைசியாக வந்து போனவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பேன். பிறகு அந்தச் சார்ஜர் நிறுவனத்தின் செயலியில் எந்தக் கன் காலியாக இருக்கிறது என்று பார்ப்பேன். பணம் கட்டுவதற்கு அந்தச் செயலி எப்படியும் தேவைப்படுகிறது. ஸியான், டாடா பவர், ஸ்டேட்டிக் என்று நம் ஊரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி வைத்திருக்கிறோம். அதையே பார்த்துவிடுவதுதான் நம்பகமானது.

இதுவரை படித்தவர்கள், பிறகென்ன, சந்தா வேண்டாம் என்றுதானே முடிவு என்று நினைக்கலாம். மலைப்பாதையில் ஓட்டியிராவிட்டால் நானும் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

என் காரின் பேட்டரி ஏறக்குறைய 50 யூனிட். சமவெளியில் கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் எடுக்கிறது, அதாவது முழு சார்ஜில் 330 கிலோமீட்டர் போகும். வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சமவெளிக் கணக்கில் 9 யூனிட், 18 சதவீதம் போதும். ஆனால் இடையில் சுமார் 1,800 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். நான்கு பேரும் பெட்டிகளுமாக இரண்டு டன் எடையைத் தூக்கிச் செல்வதற்கு, 100 மீட்டர் உயரத்துக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். பள்ளிக்கூட இயற்பியல்தான்: எடை, உயரம், புவியீர்ப்பு. ஆக ஏற்றத்துக்கு மட்டும் 10 யூனிட்டுக்குக் குறையாது. இரண்டையும் சேர்த்தால் நாற்பது சதவீதத்தை ஒட்டி வருகிறது. வத்தலகுண்டில் 30 சதவீதத்தோடு நிற்கும் காரின் முகப்பில் "இன்னும் 100 கி.மீ. போகலாம்" என்றுதான் இருக்கும். அதுவரை ஓட்டிவந்த சமவெளியை வைத்துத்தான் அந்த எண் கணக்கிடப்படுகிறது, முன்னால் மலை இருப்பது அதற்குத் தெரியாது. அதை நம்பி ஏறினால் கொடைக்கானல் போய்ச் சேர முடியாது.

காரின் நேவிகேஷனுக்கு மலை இருப்பது தெரியும். திண்டுக்கல்லில் சார்ஜ் போட்டுவிட்டுக் கொடைக்கானலைக் குறித்ததுமே, சேரும்போது 34 சதவீதம் இருக்கும் என்றது. அப்போது பேட்டரியில் 85 இருந்தது. சமவெளியில் அடுத்த 35 கிலோமீட்டருக்கு அந்த 34 அசையவே இல்லை. மலை தொடங்கியதும் முகப்பில் சார்ஜ் கண்ணெதிரே இறங்க ஆரம்பித்தது. பின்னிருக்கையில் அம்மாவின் பார்வை அந்த எண்ணிலேயே இருந்தது. டம்டம் பாறை வருவதற்குள் "இப்படிக் குறைகிறதே, திரும்பிவிடலாமா" என்று கேட்டுவிட்டார். நான் பக்கத்துத் திரையைக் காட்டினேன். முகப்பில் சார்ஜ் எவ்வளவு வேகமாக இறங்கினாலும் சேருமிட எண் 34, 33 என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தது. ஊத்து என்ற ஊருக்கு மேலே மூடுபனி, ஏ.சி., வைப்பர், முன்னால் நகரமாட்டேன் என்ற சுற்றுலாப் பேருந்து, எல்லாமாகச் சேர்ந்து அதை 32 ஆக்கின. வெள்ளி அருவி தாண்டி ஊருக்குள் நுழைந்தபோதும் 32. இடையில் பல வளைவுகளில் கைப்பேசிக்குச் சிக்னலே இல்லை. காரின் கணக்கு அதனால் தடைபடவில்லை, ஏனென்றால் சாலையின் உயரமும் பேட்டரியின் நிலையும் காருக்குள்ளேயே இருக்கின்றன. மின்சாரக் காரில் குடும்பத்தோடு மலை ஏறியவர்களுக்கு அந்த அசையாத எண் தரும் நிம்மதி புரியும்.

அதே கணிப்பு நெடுஞ்சாலையிலும் ஒரு நல்ல காரியம் செய்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தை 100 ஆக்கினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. விழுப்புரத்தைத் தாண்டி வேகம் பிடித்த சற்று நேரத்தில் சேருமிட எண் இறங்கத் தொடங்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினால் மெல்லத் திரும்பி ஏறும். வேகத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை இவ்வளவு நேரடியாக வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் எந்த நேவிகேஷனும் எனக்குச் சொல்லவில்லை. மலைமேல் தங்கும் விடுதியில் சார்ஜர் கிடைத்துவிட்டதே என்று இரவெல்லாம் போட்டு நூறு ஆக்கிவிடக் கூடாது. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பேட்டரி நிரம்பி வழிந்தால் அந்த மின்சாரத்துக்கு இடமில்லை. மோட்டாரின் பிடிப்பு குறைந்து, முழு இறக்கத்துக்கும் சாதாரண பிரேக்கையே நம்ப வேண்டியிருக்கும். எண்பதோடு நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

குளிர் நாடுகளில் இருக்கும் சொந்தக்காரர்கள் "கட்டாயம் கட்டு" என்று சொன்னால் அதற்கு வேறு காரணம் உண்டு. உறையும் குளிரில் லித்தியம் பேட்டரி வேகமாகச் சார்ஜை ஏற்காது. பல கார்களில், காரின் சொந்த நேவிகேஷனில் விரைவு சார்ஜரைச் சேருமிடமாகக் குறித்தால், போய்ச் சேர்வதற்குள் கார் தானே பேட்டரியைச் சூடாக்கித் தயார்செய்துவிடும். கைப்பேசியில் குறித்தால் பெரும்பாலான கார்களுக்கு அது தெரியாது. நார்வேயிலும் கனடாவிலும் இது பெரிய விஷயம். மார்கழி விடியலிலும் இருபது டிகிரியை ஒட்டி நிற்கும் செங்கல்பட்டில் இதற்காக நாம் பணம் கட்ட வேண்டியதில்லை.

அப்படியானால் அந்த ஓர் எண்ணை வேறு வழியில் பெற முடியுமா? பெருமளவு முடியும். ‘ஏ பெட்டர் ரூட்பிளானர்’ என்ற செயலி சுவீடனில் தொடங்கியது. 2023இல் அமெரிக்காவின் ரிவியன் நிறுவனம் அதை வாங்கியது. நம் காரின் மாடலையும் இப்போதைய சார்ஜையும் கொடுத்தால், ஏற்ற இறக்கம், வேகம் எல்லாம் பார்த்துச் சேருமிடச் சதவீதத்தைச் சொல்லிவிடும். இலவசப் பதிப்பே திட்டமிடுவதற்குப் போதும். கொடைக்கானலுக்கு அது சொன்னதும் கார் சொன்னதும் இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்தில் அடங்கின. குறை என்னவென்றால், காரின் தகவல்களைப் படிக்கும் ஓ.பி.டி. கருவி எதையும் செருகாதவரை அதற்குப் பேட்டரியின் இப்போதைய நிலை தெரியாது; நடுவழியில் நாமே எண்ணைத் தட்டிக் கொடுக்க வேண்டும். தனியாக ஓட்டும்போது இது ஆகாத காரியம், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

என் தம்பிதான் கட்டியே ஆக வேண்டும் என்று நின்றான். மாதத்தில் ஓரிரு முறை காரை வாங்கிக்கொண்டு ஏற்காடு, வால்பாறை என்று தனியாகக் கிளம்பிவிடுவான். "அக்கா, மலை ஏறும்போது என்னால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. காரே சொல்லட்டும்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் இருக்கும் ஒருவரிடம் செயலியில் எண்ணைத் தட்டச் சொல்வது ஆபத்து. இந்த விஷயத்தில்தான் எனக்கு நிறுவனத்தின் மேல் கோபமே வருகிறது. பாட்டும் வானிலைச் செய்தியும் சந்தாவுக்குள் இருக்கட்டும். போய்ச் சேர்வோமா மாட்டோமா என்பது பெட்ரோல் காரின் எரிபொருள் முள்ளுக்குச் சமமான தகவல். அதைக் கணக்கிட வெளியிலிருந்து இணையம்கூட வேண்டியதில்லை என்பதை மலைமேல் சிக்னல் இல்லாத நேரத்திலேயே பார்த்துவிட்டேன். அப்படியிருக்க, அதைப் பூட்டிவைத்துச் சாவிக்கு ஆண்டு வாடகை கேட்பது சரியில்லை. டெஸ்லாவில் அடிப்படை நேவிகேஷன் எட்டு ஆண்டுக்குக் காரோடு சேர்ந்தே வருகிறது. செயற்கைக்கோள் படம், நெரிசல் காட்சி போன்றவற்றுக்குத்தான் தனிச் சந்தா. இந்தக் கோடு நியாயமான இடத்தில் போடப்பட்டிருக்கிறது. மறுபக்கம், ஜெனரல் மோட்டார்ஸ் தன் புதிய மின்சாரக் கார்களில் ஐபோனுக்கான கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருக்காது என்று 2023இல் அறிவித்தது. கைப்பேசியைத் திரையில் காட்டும் வழியை அடைத்துவிட்டால் காரின் சொந்த நேவிகேஷனை விட்டால் வேறு கதியில்லை. அப்படிப்பட்ட காரை வாங்குவோருக்கு நான் மேலே எழுதிய கணக்கு பொருந்தாது. இலவசக் காலம் முடிந்தபின் வரும் கட்டணத்தைக் காரின் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆண்டுச் சந்தாவை நாங்கள் புதுப்பிக்கவில்லை. நின்ற பிறகு ஊருக்குள் எந்தக் குறையும் தெரியவில்லை. சென்னை–மதுரை 460 கிலோமீட்டரும் எந்த ஊரில் நிற்க வேண்டும் என்பது மனப்பாடம். அம்மாவுக்குத்தான் வருத்தம்: வெயிலில் நிற்கும் காரில் ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே கைப்பேசியிலிருந்து ஏ.சி. போடும் வசதியும் அதே சந்தாவுக்குள் இருந்தது, அதுவும் போய்விட்டது. அதை மட்டும் தனியாகத் தர முடியுமா என்று கேட்டேன். பிரித்துத் தருவதில்லை என்றார்கள்.

பிறகு செயலியில் தேடியபோது மூன்று மாதத் திட்டம் ஒன்று கண்ணில் பட்டது. குறுஞ்செய்திகளில் ஒருமுறைகூட அதைப் பற்றிச் சொல்லவில்லை. கட்டணம் ஆண்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். ஏப்ரல் முதல் ஜூன் வரை அதைக் கட்டப்போகிறோம். கொடைக்கானல் பயணம், தம்பியின் மலைச் சவாரிகள், அம்மாவின் ஏ.சி. மூன்றும் அந்த மாதங்களில்தான் வருகின்றன. மற்ற ஒன்பது மாதம் தம்பி மலைக்குப் போவதானால் கிளம்பும் முன்பே ரூட்பிளானரில் போட்டு, மலையடிவாரத்தில் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு போகிறான். அதற்குக் குறைந்தால் அடிவாரத்திலேயே சார்ஜ் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று எங்களுக்குள் பேச்சு.

புதிதாக வாங்குபவர்கள் ஷோரூமில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: இலவசக் காலம் முடிந்த மறுநாள் காரில் எது ஓடும், எது நிற்கும்? "எல்லாம் ஓடும் மேடம்" என்ற வாய்வார்த்தை போதாது. விற்பனையாளருக்கே பெரும்பாலும் இது தெரிவதில்லை. என் கேள்விக்கு மூன்று பேரிடமிருந்து மூன்று பதில் வந்தது. காரைப் பற்றிய கையேட்டில் இருக்காது, சந்தா விதிமுறைகளில்தான் இருக்கும். சேருமிடச் சதவீதம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று அதில் தேடிப் பாருங்கள்.