கைப்பட்டியைக் கழற்றிக் கொடுத்தால் வீடு போகலாம்

அமெரிக்காவின் ஃபொக்ஸ் தொலைக்காட்சியில் 2023 ஜனவரியில் தொடங்கிய ‘ஸ்பெஷல் ஃபோர்சஸ்: வேர்ல்ட்ஸ் டஃபஸ்ட் டெஸ்ட்’ என்னும் ரியாலிட்டி நிகழ்ச்சியின் முதல் சீசனை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை, நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த அந்த ஆண்டின் தொடக்கத்தில், மடிக்கணினியின் பற்றரி தாங்கும் அளவுக்குத் துண்டு துண்டாகப் பார்த்தேன். இரண்டாந் தடவை, சென்ற மாதம், மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் அக்காவின் மகளோடு இருந்து முழுமையாகப் பார்த்தேன். கீழே எழுதியிருப்பவற்றிற் பாதி அவளோடு வாதாடிப் பெற்றவை.

நிகழ்ச்சியின் கரு பிரித்தானியாவிலிருந்து வந்தது. அங்கே சனல் 4 தொலைக்காட்சி, எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படையின் தெரிவுமுறைக்கு ஒப்பான பயிற்சியில் சாதாரண மக்களை இறக்கி 2015இல் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது; 2019இல் அதற்குப் பிரபலங்களை வைத்து ஒரு கிளை முளைத்தது; அதன் அமெரிக்க வடிவமே இது. முதல் சீசனில் 16 பிரபலங்களை ஜோர்தானின் வாதி ரம் பாலைவனத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள். ‘பிக் பொஸ்’ பார்த்துப் பழகிய நம்மவர்க்கு முதலில் வியப்பாக இருப்பது, இங்கே வாக்கெடுப்பும் வெளியேற்றப் படலமும் இல்லை என்பதுதான். 2021இல் சன்சிபாரில் எடுக்கப்பட்ட தமிழ் ‘சர்வைவர்’ நிகழ்ச்சியில் இருந்ததைப் போன்ற ஒரு கோடி ரூபாய்ப் பரிசும் இல்லை. பங்கேற்பவர் தாமாகவே கைப்பட்டியைக் கழற்றிக் கொடுத்து விலகலாம். மருத்துவர் சொல்லி விலகலாம். பயிற்றுநர்கள் தகுதியில்லை என்று அனுப்பலாம். கூட்டணி, சூழ்ச்சி, புறங்கூறல் என்று இத்தகைய நிகழ்ச்சிகளை நாளுக்கு நாள் சலிப்பூட்டுபவையாக ஆக்கிய அனைத்தும் இந்த ஒரே ஏற்பாட்டினால் அடிபட்டுப் போகின்றன. பக்கத்தில் இருப்பவரை விழுத்துவதால் எவருக்கும் ஆதாயம் இல்லை என்பதால், மலைச்சரிவில் ஒருவர் மற்றவரின் சுமையை வாங்கிக்கொள்வது நடிப்பாகத் தோன்றுவதில்லை.

பயிற்றுநர்கள் நால்வர்: அமெரிக்க மரீன் படையின் வேவுப் பிரிவில் இருந்த ரூடி ரெயஸ், அமெரிக்கக் கடற்படையின் ‘சீல்’ என்னும் சிறப்புப் படையில் இருந்தவரும் நைஜீரியாவிற் பிறந்தவருமான ரெமி அடலெக்கே, எஸ்.ஏ.எஸ். படையைச் சேர்ந்த மார்க் பில்லிங்ஹம், பிரித்தானியக் கடற்படையின் சிறப்புப் பிரிவைச் சேர்ந்த ஜேசன் ஃபொக்ஸ். பில்லிங்ஹம் படையை விட்டபின் ஹொலிவூட் நட்சத்திரங்களின் மெய்க்காவலராக இருந்தவர் என்பதை அறிந்தபின் அவர் பிரபலங்களை அதட்டும் காட்சிகளில் ஒரு தனிச் சுவை கூடிவிடுகிறது. ஆனால் என்னைக் கவர்ந்தவர் ஃபொக்ஸ். போர் தந்த மனவடுவைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவரும் அவர், கத்த வேண்டிய இடத்திலும் குரலைத் தாழ்த்தியே பேசுகிறார். எதிரில் இருப்பவர் அதற்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்.

நிகழ்ச்சியின் பலம் உடலைக் காட்டும் விதத்தில் இருக்கிறது. வரண்ட கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல் வரப்புகளில் நடந்தவர்களுக்கு அந்தப் பாலைவன வெயிலின் பாரம் திரையிலேயே தெரியும். ஹெலிகொப்டரின் விளிம்பிலிருந்து பின்பக்கமாக நீரில் விழ வேண்டிய பணியொன்று உண்டு. விழும் காட்சி சில நொடிகளே. கமரா நிலைத்து நிற்பதோ விழுவதற்கு முந்திய முகத்தில். உதடு உலர்ந்து, கண் ஒரே புள்ளியில் குத்தி நிற்க, விரல்கள் மட்டும் பிடியைவிட மறுக்கும் அந்த நிலையில், திரையில் இருப்பவர் பாடகியா, விளையாட்டு வீரரா, 2017இல் வெள்ளை மாளிகையின் தொடர்பாடல் பணிப்பாளர் பதவியில் இரண்டு வாரங்கூட நிலைக்காத அந்தனி ஸ்கராமூச்சியா என்பது பார்ப்பவருக்கு மறந்துபோகிறது. புகழ் என்பது முகத்தின் எந்தப் பகுதியில் தங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அது எங்கிருந்தாலும் அந்த நொடியில் அங்கே இல்லை.

வலிமை பற்றிய நமது கணக்கும் பிழைக்கிறது. கூடைப்பந்தாட்ட வீரர் டுவைட் ஹவர்ட் போன்ற பெரும் உடல்களைப் பார்த்து இவர்தான் கடைசிவரை நிற்பார் என்று முதற் பாகத்தில் நான் சொன்னேன். கடைசிவரை நின்று தேறியவர்கள் இருவர், இருவரும் பெண்கள்: 2015 உலகக்கிண்ண இறுதியாட்டத்தின் முதற் 16 நிமிடங்களில் மூன்று கோல் அடித்த உதைபந்தாட்ட வீராங்கனை கார்லி லொயிட், வேறொரு ரியாலிட்டி நிகழ்ச்சியால் அறியப்பட்ட ஹனா பிரவுன். லொயிட்டின் ஒழுங்கு எதிர்பார்க்கக் கூடியதே. ஹனா பிரவுன் முன்னேறியதைத்தான் நான் இரண்டாந் தடவையும் கூர்ந்து கவனித்தேன். பயம் வரும்போது அவர் அதை மறைக்கச் சக்தியைச் செலவழிப்பதில்லை. அழுதுகொண்டே அடுத்த படியில் காலை வைத்துவிடுகிறார்.

பெயர் இங்கே பறிக்கப்படுகிறது. கைப்பட்டியில் உள்ள இலக்கமே அழைப்புப் பெயர். அவ்வப்போது ஒருவரின் தலையில் கறுப்புத் துணிப்பையை மாட்டித் தனியறைக்கு இழுத்துவந்து, பையை உருவி, அவருடைய வாழ்க்கையைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்கள். இறுதிக் கட்டம் சிறைப்பிடிப்பும் விசாரணையும்: மறுபடியும் அந்தத் துணிப்பை, மணிக்கணக்கில் ஒரே நிலையில் நிற்றல், செவியைத் துளைக்கும் ஓசை. தயாரிப்பாளர்கள் இதையே நிகழ்ச்சியின் உச்சமாக அமைத்திருக்கிறார்கள். நான் இந்த இடத்தில்தான் அவர்களோடு முரண்படுகிறேன்.

1990இல் எனக்குப் பதினொரு வயது. படையினரின் சுற்றிவளைப்பு ஒன்றின்போது எங்கள் ஊர் ஆண்களை விளையாட்டுத் திடலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வாகனத்துக்குள் இருந்த தலையாட்டி, அதாவது முகத்தை மூடிக்கொண்டு தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுப்பவர், மாட்டியிருந்த சாக்குப் பையில் கண்ணுக்கென்று வெட்டிய இரண்டு துளைகளில் ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருந்தது என்பது இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. என் மாமா பின்னேரம் திரும்பி வந்தார். வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர் வரவில்லை. இதை நிகழ்ச்சியின் மீது குற்றமாகச் சுமத்துவது நியாயமாகாது. உண்மையான படைத் தெரிவிலும் வீரர்களைப் பிடித்து விசாரிக்கும் பயிற்சி உண்டு. அங்கேயும் எவரும் தாமாக விலகிக்கொள்ளலாம். ஆகவே மூலத்துக்கு இவர்கள் துரோகம் செய்யவில்லை. ஆனால் உயரமும் குளிர்ந்த நீரும் உடலின் களைப்பும் எவருக்கும் ஒன்றுதான், அவற்றில் ஏமாற்றில்லை. விசாரணை அப்படியல்ல. அதன் முழுப் பாரமும் அது எப்போது முடியும், முடியுமா என்பது தெரியாமையில் இருக்கிறது. கையில் பட்டி இருக்கும் வரையில் அந்தத் தெரியாமையைத் தயாரிக்க முடியாது. எனவே முதல் ஏழெட்டு நாள் உண்மையாக இருந்த முகங்கள் கடைசியில் ஒரு பாத்திரத்தை ஏற்று நடிப்பவர்களின் முகங்களாகிவிடுகின்றன. பின்னணி இசை மட்டும் உரக்கிறது.

அக்காவின் மகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகம் புகுமுன், 2011இல், இராணுவ முகாமொன்றில் மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி பெற்ற தொகுதியைச் சேர்ந்தவள் அவள். விடியற்காலை ஓட்டத்தையும் கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் மடித்ததையும் பற்றி இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். “சின்னம்மா, நீங்க அந்தப் பையை மட்டும் பாக்கிறீங்க. ராவு ரெண்டு மணிக்கு எழுப்பினா மனிசன் என்ன கதைப்பான் எண்டு எனக்குத் தெரியும்; இவங்க அதைத்தான் கதைக்கிறாங்க” என்றாள். நித்திரையின்மை நடிப்பைக் கரைத்துவிடும் என்ற அவளுடைய வாதத்தில் உண்மை இருக்கிறது. கண்ணீருக்கு அது விளக்கம் தரும், அச்சத்துக்குத் தராது என்று நான் சொன்னேன்.

வேறு குறைகளும் உண்டு. ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்குப் பிறகும் முன்பு கண்டதையே மீண்டும் காட்டுகிறார்கள். விளம்பரமின்றி இணையத்தில் பார்ப்பவருக்கு இது எரிச்சலூட்டும். தனியறை உரையாடல்களில் ஒருவரின் விவாகரத்தோ மணமுறிவோ இரண்டு நிமிடத்துக்குள் திறக்கப்பட்டு, அழவைக்கப்பட்டு, மூடப்படுகிறது. வேல்ஸின் மலைகளில் தொடங்கிப் பல மாதம் நீளும் உண்மையான எஸ்.ஏ.எஸ். தெரிவைப் பத்து நாளில் சுருக்கியபின் ‘உலகின் மிகக் கடினமான சோதனை’ என்று பெயரிட்டது வியாபாரம். வசைச்சொற்கள் நிறைய வருகின்றன. சிறுபிள்ளைகளோடு இருந்து பார்க்க ஏற்றதல்ல. ஆங்கிலம் ஓரளவு விளங்குபவர்கள்கூட பில்லிங்ஹமின் பேச்சுக்கு வசன வரிகளைப் போட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும், நமது தொலைக்காட்சிகளில் ஓடும் பிரபல நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டால், இதை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். இரண்டாவது சீசன் நியூசிலாந்தின் பனிமலைகளில் எடுக்கப்பட்டது. 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பனித்தள வேகச்சறுக்கு வீராங்கனை எரின் ஜாக்சன் அதில் இருக்கிறார் என்பதால் நாங்கள் அதையும் தொடங்கிவிட்டோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாளுக்கு ஒரு பாகம். கடைசிப் பாகத்தைத் தான் தனியாகப் பார்த்துக்கொள்வதாகவும், யார் தேறினார் என்று காலையில் தேநீரோடு எனக்குச் சொல்வதாகவும் அவள் ஏற்றிருக்கிறாள்.