ஜில் ஜில் ரமாமணியா, ‘புதிய பாதை’ ஆயாவா? மனோரமாவை எதை வைத்து எடைபோடுவது

மனோரமாவைப் பற்றிப் பேசுபவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு அவர் ‘பெண் சிவாஜி’. அழுகை, ஆவேசம், தாய்ப்பாசம் எல்லாம் கைவந்த குணச்சித்திர நடிகை. அவர்கள் காட்டும் சான்று ‘புதிய பாதை’. இன்னொரு கட்சிக்கு அவர் ‘தில்லானா மோகனாம்பாள்’ ரமாமணி, சிரிப்பு நடிகை. இவற்றோடு ஓர் எண்ணிக்கைக் கணக்கும் எப்போதும் கூடவே வரும்: ஆயிரம் படங்கள், கின்னஸ் சாதனை, பின்னாளில் முதல்வரான ஐந்து பேருடன் மேடையிலோ திரையிலோ நடித்தவர். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவர் எப்படி நடித்தார் என்பதற்கு அதில் பதில் இல்லை, அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதல் கட்சியின் வாதம் வலுவானது. 1958-ல் ‘மாலையிட்ட மங்கை’யில் அறிமுகமானவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைக்க 1989-ல் பார்த்திபனின் முதல் படமான ‘புதிய பாதை’ வர வேண்டியிருந்தது. நாயகனின் வாழ்க்கையில் தாயின் இடத்தில் நிற்கும் ஆயா வேடம். அடுத்து 1991-ல் ‘சின்ன தம்பி’. மகனின் காதலுக்காக அவமானப்படும் விதவைத் தாயாக அவர் வந்த காட்சிகளில் தியேட்டரே கலங்கியது. குரலை உடைத்து, மூச்சைத் திணறவிட்டு, கடைசி வரிசைக்கும் எட்டும்படி அழுவதில் சிவாஜியின் பள்ளி தெரிகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனாலும் என் ஓட்டு ரமாமணிக்குத்தான். தாய் வேடங்களில் பாதி வேலையைக் கதையும் பின்னணி இசையும் செய்துவிடுகின்றன. மகனுக்கு ஒரு துன்பம், அதற்கு ஓர் அழுகை என்று அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுவதும் இன்னொருவரைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கும். அவளுக்கென்று ஓர் ஆசையோ, கிறுக்கோ, ஊர்ப் பெருமையோ இருக்காது. ரமாமணிக்கு இவை எல்லாமே இருக்கின்றன.

1968-ல் ஏ.பி. நாகராஜன் எடுத்த அந்தப் படத்தில் சுற்றிலும் மலைகள்: சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ். கதைப்படி ரமாமணி ஒரு நாடகக்காரி. மனோரமாவே பள்ளத்தூரில் வளர்ந்து, நாடக மேடையில் பாடி ஆடி, எஸ்.எஸ்.ராஜேந்திரன் குழுவில் நடித்துவிட்டுச் சினிமாவுக்கு வந்தவர். அந்த மேடைப் பெண்ணின் மினுக்கும், வாய்ச் சவடாலும், பெரிய வித்வானைப் பார்த்ததும் வரும் உண்மையான மரியாதையும் அவருக்குத் தெரிந்த உலகம். உங்கள் நாயனத்தில் மட்டும்தான் இந்தச் சத்தம் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரமாக வரும் சிவாஜியிடம் அவர் கேட்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். எழுதிப் பார்த்தால் வெறும் அசட்டுக் கேள்வி. அவர் கேட்கும்போது அதில் கேலி துளியும் இல்லை. கண் விரிகிறது, குரல் குழைகிறது, ஒரு ரசிகையின் பிரமிப்பு அப்படியே வெளியே வருகிறது. சிரிக்கிறோம், ஆனால் அவளைக் குறைவாக நினைக்கத் தோன்றுவதில்லை. சிவாஜியோடு அவர் போட்டிக்கும் நிற்பதில்லை. சிவாஜி இறுக்கமாக உட்கார்ந்திருக்க, மனோரமா படபடவென்று பேசி அந்த இறுக்கத்தைக் கரைக்கிறார். கண்ணீர் நடிப்பைவிட இது கஷ்டம் என்பது என் எண்ணம், ஏனென்றால் ஒரு வார்த்தை முந்தினாலும் பிந்தினாலும் காட்சி விழுந்துவிடும்.

அப்புறம் பேச்சு. இரண்டு கட்சியும் போதுமான அளவு பேசாத விஷயம் இது. 1967-ல் ‘அனுபவி ராஜா அனுபவி’யில் ‘முத்துக்குளிக்க வாரீகளா’ என்று தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அடுத்த வருடம் ‘பொம்மலாட்டம்’ படத்தில் ‘வா வாத்யாரே ஊட்டாண்டே’ என்று தானே பாடி மெட்ராஸ் பாஷை. 1973-ல் ‘சூரியகாந்தி’யில் ‘தெரியாதோ நோக்கு’ என்று அக்கிரகாரத் தமிழ். 1992-ல் ‘சின்ன கவுண்டர்’ ஆத்தாவாகக் கொங்குப் பேச்சு. இதை வெறும் மிமிக்ரி என்று ஒதுக்க முடியாது. பேச்சு மாறும்போது நடை மாறும், இடுப்பில் கை வைக்கும் விதம் மாறும், சண்டைக்கு நிற்கும் தோரணையும் மாறும். ‘சம்சாரம் அது மின்சாரம்’ வேலைக்காரி கண்ணம்மாவை நினைத்தாலே ‘கம்முனு கெட’ என்ற குரல் காதில் விழுகிறது என்றால், அந்த வாக்கியத்தோடு ஒரு முழு ஆளும் வந்து நிற்பதால்தான்.

சரி, சிரிப்புக் கட்சியிடமும் குறை உண்டு. நாகேஷின் ஜோடி, சோவின் ஜோடி, தேங்காய் சீனிவாசனின் ஜோடி என்று யாராவது ஒருவரின் பக்கத்தில் வைத்தே அவரை நினைவுகூர்கிறார்கள். கதைக்கே சம்பந்தமில்லாத தனி டிராக்கில் கத்திவிட்டுப் போன படங்களும் அவருக்கு நிறைய. அவற்றையும் சாதனைக் கணக்கில் சேர்ப்பது அவருக்குச் செய்யும் நியாயமாகாது. ‘சின்ன கவுண்டர்’ மட்டும் இரண்டு கட்சிக்கும் பொது. எத்துப்பல்லோடு வரும் அந்த ஆத்தா சிரிக்கவும் வைக்கிறாள், மகன் மீதான பாசத்தில் நம்பவும் வைக்கிறாள்.

இரண்டு தரப்பும் கவனிக்காமல் விட்ட ஒரு வேடத்தை நான் இந்தப் பட்டியலில் மேலே வைப்பேன். 1990-ல் வந்த ‘நடிகன்’ படத்தின் பேபி அம்மா. கல்யாணமே ஆகாமல் வயதாகிவிட்ட ஒரு பெண், முதியவர் வேடம் போட்டு வீட்டுக்குள் வந்த சத்யராஜை நிஜமாகவே காதலிக்கிறாள். திரைக்கதைக்கு அவள் ஒரு கேலிப் பொருள், கவுண்டமணிக்கு நக்கலடிக்க ஓர் ஆள். மனோரமா அந்த வெட்கத்தையும், தலை சீவி அலங்கரித்துக்கொள்ளும் ஆசையையும் கொஞ்சமும் கிண்டலாக்காமல் நடித்தார். ரமாமணிக்கு 22 வருடம் கழித்து, தேசிய விருதுப் படத்துக்கு அடுத்த வருடமே, அதே பழைய வித்தை. அந்தப் படத்தை மறுபடி பார்ப்பவர்கள் சத்யராஜை விட்டுவிட்டு ஒரு முறை அவரை மட்டும் கவனியுங்கள்.