அந்தமானா, பரங்கிப்பேட்டையா, கார்ட்டர் சாலைப் பாறைகளா?

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் என் தம்பி மகள் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கடலைத் தொட்டுப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கே தொடங்குவது என்று ஒரு மாதமாக வீட்டில் பேச்சு.

மும்பைக் கடலைச் சாக்கடை என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். ஹாஜி அலி, வொர்லிக் கரைகளில் பவளங்கள் வாழ்ந்ததால்தான், கடற்கரைச் சாலைப் பணிக்காக 2020இல் அவற்றை இடம் மாற்ற வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய செல்வம் இங்குள்ள ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் சுமார் நான்கு மீட்டர் ஏறி இறங்குகிறது. ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபத்தில் அது ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. அந்த நாட்களில் நீர் வற்றியிருக்கும் காலை ஆறு மணி வாக்கில், பாந்த்ராவின் கார்ட்டர் சாலைப் பாறைகளில் இறங்கி நடந்தால், உயிர்கள் அடுக்கடுக்காக மாறுவது தெரியும். மேலே வெயிலைத் தாங்கும் சிறு நத்தைகளும், பாறையில் ஒட்டி வாழும் ஓட்டுயிரான கொட்டலசும். கீழே குட்டைகளில் பூப்போலத் தெரியும் விலங்கான கடற்சாமந்தியும் கடற்பஞ்சும். மேல் எல்லையைப் பெரும்பாலும் வறட்சி வகுக்கிறது. கீழ் எல்லையை, இடத்துக்கான போட்டியும் பிற உயிர்களுக்கு இரையாவதும். இதை மாதம் இருமுறை, ரயில் டிக்கெட் செலவில் பார்க்கலாம். குறையும் உண்டு: கலங்கிய நீர், கழிவு, மழைக்காலத்தில் இறங்கவே முடியாத அலை.

அந்தமானில் நீர் தெளிவு, பவளத்திட்டுகள் அழகு. ஆனால் மூன்று நான்கு நாள் ஸ்கூபா பயிற்சியில் மனம் முழுவதும் மூச்சின் மீதுதான் இருக்கும். கேள்வியோடு போகிறவருக்கே அந்தச் செலவு தகும்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் புலம் வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே இருக்கிறது. கடல், கழிமுகம், அருகில் பிச்சாவரம் அலையாத்திக் காடு. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று நீரின் உப்பு குறைவதையும் கோடையில் ஏறுவதையும் அவளே அளந்து குறிக்கலாம். வலை இழுக்கும் மீனவரிடம் தமிழிலேயே கேட்டறியலாம். இங்கே சுர்மை என்று வாங்கும் மீன் அங்கே வஞ்சிரம், பொம்பில் அங்கே வங்கரவாசி. முதுகலைக்கு அங்கேதான் போக வேண்டும் என்பது என் முடிவு. வெர்சோவாவிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் மீன்வளத் துறைக்குப் போகிறவர்களுக்குப் பொருந்தும். அவள் நாட்டம் அதுவல்ல.

அதுவரை கார்ட்டர் சாலைதான். வழுக்காத காலணியும் ஒரு நோட்டும் போதும். புரட்டிய கல்லைப் பழையபடியே வைத்துவிட வேண்டும். அடியில் ஒட்டியிருப்பவை வெயில் பட்டால் செத்துவிடும்.