ஃபாஸ்டினாவின் செஸ்டெர்ஷியஸ்: வாங்கிய அனுபவம்

ரோமப் பேரரசிகளின் நாணயங்களில் முதன்முதலாக ஒன்றை வாங்க விரும்பி, ஐரோப்பிய வணிகர் ஒருவரிடம் இணையவழியாக பேரரசி மூத்த ஃபாஸ்டினாவின் செஸ்டெர்ஷியஸ் (பண்டைய ரோமின் பெரிய நாணய வகை) ஒன்றைப் பெற்றேன். கி.பி. 140-இல் அவர் இறந்தபின், கணவரான பேரரசர் அன்டோனினஸ் பயஸ் அவரைத் தெய்வமாக்கி, ரோம் நகரின் பொது மன்றவெளியான ஃபோரத்தில் கோயில் எழுப்பியதோடு, அவர் பெயரில் ஏராளமான நாணயங்களையும் வெளியிட்டார். அதனால் இவை இன்றும் அரிதானவையல்ல. விலையும் ஓரளவு எட்டக்கூடியதே.

முன்புறத்தில், பின்னி உச்சியில் கொண்டையாகச் சுற்றிய கூந்தலின் ஒவ்வொரு புரியும் தெளிவாகத் தெரிகிறது. சுற்றிலும் 'தீவா ஃபாஸ்டினா' (தெய்வமான ஃபாஸ்டினா) என்ற எழுத்துகளில் இரண்டு மட்டுமே தேய்ந்துள்ளன. பின்புறத்தில் தானியத் தெய்வமான கெரெஸ், தீப்பந்தமும் கதிர்களும் ஏந்தி நிற்கிறாள். முகம் மழுங்கிவிட்டாலும் ஆடையின் மடிப்புகள் அழகாக எஞ்சியிருக்கின்றன. வெண்கலம் என்று விற்கப்பட்டாலும், செஸ்டெர்ஷியஸின் உலோகம் உண்மையில் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை வகையாகும். விளிம்பில் காலப்போக்கில் உலோகத்தின்மேல் படிந்த படலம் உரிந்த இடத்தில் அந்த மஞ்சள் நிறம் எட்டிப் பார்க்கிறது.

குறை ஒன்று உண்டு. கழுத்தருகே வெளிர்பச்சைத் தூள் படிந்த புள்ளி படத்தில் தெரியவே இல்லை; செம்புக் கலவைகளை அரிக்கும் குளோரைடு நோயின் அறிகுறி அது. வணிகர் உடனே பாதித் தொகையைத் திருப்பித் தந்தார். நாணயத்தைக் காய்ச்சி வடித்த நீரில் பல நாள் ஊறவைத்து உலர்த்தினேன். இதுவரை புள்ளி பரவவில்லை. வாங்குவோர் விளிம்பின் படத்தையும் கேட்டுப் பெறுவது நல்லது.