டபிள்யூ.பி.யா, ஒய்.பி.யா?

தருமபுரியில் நீராவி எஞ்சின் பேச்சு எடுத்தால் டீ ஆறிப்போகும். டபிள்யூ.பி.யும் ஒய்.பி.யும் பயணிகள் ரயிலை இழுத்த இரண்டு எஞ்சின் வகைகள்; முன்னது அகலப்பாதைக்கு, பின்னது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இருக்கும் மீட்டர் கேஜுக்கு. மொரப்பூர்ப் பக்கத்து ஆட்கள் டபிள்யூ.பி. கட்சி, அவர்களுடையது அகலப்பாதை. சேலம்–பெங்களூரு தடம் மீட்டர் கேஜாக இருந்ததைப் பார்த்த தருமபுரிக்காரர்களுக்கு ஒய்.பி.

அழகுப் போட்டி என்றால் டபிள்யூ.பி.யை மிஞ்ச ஆளில்லை. 1947இல் அமெரிக்காவின் பால்ட்வின் ஆலையிலிருந்து வரத் தொடங்கியது. தோட்டா போல் குவிந்த மூக்கு, அதன் நடுவில் கதிர் விரித்த நட்சத்திரம். ஆள் உயரத்தை எட்டும் 5 அடி 7 அங்குல இயக்குசக்கரம். எஞ்சின் அருகில் நின்றால் கழுத்தைத் தூக்கித்தான் அதை முழுதாகப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை 755.

ஒய்.பி.க்கு அந்த மூக்கு கிடையாது. தட்டையான முகம், 4 அடி 6 அங்குலச் சக்கரம். ஆனால் சுமார் 870 எஞ்சின்கள். பெரும்பகுதி ஜாம்ஷெட்பூரில் டாடாவின் டெல்கோ ஆலையில் செய்தவை. மூடி மறைக்காததால் பிஸ்டன் தண்டும் இணைப்புத் தண்டும் சேர்ந்து ஓடுவது கண்ணுக்கு நேரே தெரியும். எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று குழந்தைக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் இல்லை. இரண்டுக்கும் சக்கர அமைப்பு ஒன்றே: 4-6-2, அதாவது முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு இயக்குசக்கரம், பின்னால் இரண்டு.

என் ஓட்டு ஒய்.பி.க்கு. நட்சத்திரக்காரர்கள் கோபிக்கலாம், அவர்களுக்கு ஹரியானாவின் ரேவாரி நீராவி எஞ்சின் கொட்டகையில் 'அக்பர்' என்ற டபிள்யூ.பி. இருக்கிறது.

இரண்டு கட்சியும் மறப்பது ஒன்று: 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு வந்த 2 அடி 6 அங்குலக் குறும்பாதை. 1941இல் அதை மூடிவிட்டார்கள்.