பேய்வேட்டை கிட்: மலை ஊருக்குத் தேறுமா?

எந்தச் சின்ன மலை ஊரை எடுத்தாலும் ஆள் குடியில்லாத பங்களா ஒன்று, பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று, மூடுபனிக்குள் வெள்ளை உருவம் நிற்கிற கொண்டை ஊசி வளைவு ஒன்று என்று கதை இருக்கும். அங்கே போகிறவர்களுக்கென்றே ஆன்லைனில் பேய்வேட்டை கிட் விற்கிறார்கள். மின்காந்தப் புலத்தை அளக்கும் இ.எம்.எஃப். மீட்டர், துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், வாய்ஸ் ரெக்கார்டர், ஸ்பிரிட் பாக்ஸ், நைட் விஷன் கேமரா: பெரும்பாலும் இந்த ஐந்துதான் பெட்டிக்குள். மலையில் குளிரும் பனியும் சேர்ந்தால் இவற்றில் பாதி பொய் சொல்லும்.

இ.எம்.எஃப். மீட்டர் மோசமில்லை, பயன்படுத்தும் விதம்தான் மோசம். கிட்டில் வருவது பொதுவாக வரிசையாக எல்.இ.டி. வைத்த ஒற்றை அச்சு மாடல். ஒரு திசைப் புலத்தை மட்டும் பிடிப்பதால், கையைச் சற்றுத் திருப்பினாலே விளக்கு ஏறி இறங்கும். "கேட்ட கேள்விக்குப் பதில் வருது" என்று வீடியோக்களில் காட்டுவதில் பாதி இதுதான். பகலிலேயே ஒரு சுற்று போய்விடுங்கள். அறையின் நாலு மூலையிலும் நடுவிலும், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், மெயின் ஸ்விட்சைப் போட்டு ஒரு தடவை, அணைத்து ஒரு தடவை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் மீட்டரை மூன்று திசைக்கும் திருப்பி, அதிகம் காட்டுவதை எடுங்கள். பழைய வீட்டில் ஃபேஸும் நியூட்ரலும் தனித்தனிப் பாதையில் ஓடினால், இரண்டின் புலமும் ஒன்றையொன்று ரத்து செய்யாது. சுவர் நெடுக மீட்டரின் விளக்கு எரியும். மெயினை அணைத்ததும் அடங்கினால் அது ஒயரிங். கூட வந்த எல்லாருடைய போனும் ஃப்ளைட் மோடில் இருக்க வேண்டும்.

அறைக்குள் குளிர்ந்த இடம் தேட இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஆகாது. அது காற்றை அளப்பதில்லை, எதிரே உள்ள பரப்பைத்தான் அளக்கும். தூரத்துக்கும் அளக்கும் வட்டத்துக்கும் உள்ள விகிதம் 12:1 என்று போட்டிருந்தால் மூன்று மீட்டர் தூரத்தில் 25 செ.மீ. வட்டத்தின் சராசரி வரும். பளபளக்கும் பித்தளைக் கைப்பிடியைக் காட்டினால் எண்ணே தப்பு. இதற்குப் பதிலாகச் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றைக் கணுக்கால் உயரத்திலும் மற்றதைத் தலை உயரத்திலும் கட்டுங்கள். பொழுது சாய்ந்ததும் சரிவில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கும். கதவிடுக்கு வழியாகத் தரையோடு தரையாக உள்ளே வரும். கால் சில்லிட்டுத் தலை சூடாக இருக்கிற "குளிர்ந்த இடம்" பெரும்பாலும் அதுதான்.

கிட்டிலேயே உருப்படியான சாமான் ரெக்கார்டர். ஆனால் ஆட்டோ கெயினை அணைத்துவிட வேண்டும்; அது இருந்தால் நிசப்தத்தில் ஒலியைத் தானே கூட்டி, இரைச்சலைக் கிசுகிசுப்பாக ஆக்கிவிடும். கையில் பிடிக்காமல், மடித்த துணிமேல் வையுங்கள். யாராவது இருமினாலும் நாற்காலி நகர்ந்தாலும் அந்த நொடியே வாய்விட்டுச் சொல்லிப் பதிய வேண்டும். இரவில் தகரக் கூரை சுருங்கும்போது வரும் 'டிக்' சத்தம் முதலில் அடுத்தடுத்து வந்து, போகப் போக இடைவெளி விடும். காலடிச் சத்தம் அப்படித் தேய்வதில்லை.

ஸ்பிரிட் பாக்ஸ் தண்டம். எஃப்.எம். அலைவரிசைகளை வேகமாகத் தாவுகிற ரேடியோ, அவ்வளவுதான். மலை மறைவில் ஓரிரண்டு நிலையம்தான் எடுக்கும் என்பதால், ஒரே அறிவிப்பாளர் குரல் துண்டு துண்டாகத் திரும்பி வந்து, யாரோ விடாமல் பேசுகிற மாதிரி இருக்கும்.

கேமராவில் லென்ஸை ஒட்டியே இன்ஃப்ராரெட் விளக்கு இருப்பதால், பனித்துளி ஒவ்வொன்றும் ஒளி உருண்டையாகத் தெரியும். தனி விளக்கு வாங்கி ஒரு மீட்டர் பக்கவாட்டில் வைத்தால் முக்கால்வாசி உருண்டை காணாமல் போகும். பேட்டரியைப் பேய் உறிஞ்சுவதாகச் சொல்வார்கள். ஆல்கலைன் குளிரில் படுத்துவிடும், லித்தியம் ஏ.ஏ. போடுங்கள்.

பள்ளத்தாக்கில் தெரியும் ராட்சத உருவத்துக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. வெயில் தாழ்ந்து முதுகுப் பக்கம் இருக்க, எதிரே கீழே பனி இருந்தால் உங்கள் நிழல்தான் அது. ஜெர்மனியின் பிராக்கன் மலையில் 1780இலேயே இதைக் குறித்திருக்கிறார்கள். கையைத் தூக்குங்கள், அதுவும் தூக்கும்.

பெட்டியில் இல்லாத ஒன்றுதான் முதலில் வாங்க வேண்டியது: கார்பன் மோனாக்சைடு அலாரம். காலடிச் சத்தம், படுக்கையருகே உருவங்கள் என்று அவதிப்பட்ட ஒரு குடும்பத்தைப் பற்றி 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. காரணம் பழுதான உலையின் புகை. குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கரி மூட்டும் மலை வீடுகளுக்கு இது அப்படியே பொருந்தும். ஐரோப்பியத் தரமான இ.என். 50291 முத்திரை பார்த்து வாங்குங்கள், காற்றில் இந்த வாயு 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 300இல் 3 நிமிடத்துக்குள்ளும் கத்த வேண்டும். அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். கத்தினால் ரெக்கார்டரை எடுக்கப் போகாமல் எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள்.