தங்கத்துல இரும்பு கலந்த தெர்மோகப்பிள் வயர்: ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

லோ டெம்பரேச்சர் லேப்ல இருக்கறவங்களுக்கு மட்டும் இந்த ரிவ்யூ, மத்தவங்க வேடிக்கை பாக்கலாம். தெர்மோகப்பிள்னா ரெண்டு வேற வேற உலோக வயர இணைச்சு, வர்ற வோல்டேஜ வெச்சு சூட்ட அளக்கறது. வாங்குனது தங்கம்–0.07% இரும்பு வயர், 0.127 மில்லிமீட்டர் தடிமன், டெஃப்லான் கோட்டிங், ஜோடிக்கு குரோமெல் (நிக்கல்–குரோமியம் கலவை) வயர். யார்கிட்ட வாங்குனேன்னு சொல்லல, ஏன்னு கீழ தெரியும்.

இதுல காசு தங்கத்துக்கு இல்ல, அதுல இருக்கற அழுக்குக்கு. பத்தாயிரம் அணுவுல ஏழு இரும்பு அணு, அவ்ளோதான். எடைக்கணக்குல பாத்தா ஒரு சவரனுக்கு 1.6 மில்லிகிராம் இரும்பு வரும், நம்ம 916 நகைல இருக்கற செம்பு வெள்ளிய நெனச்சா இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. ஆனா அந்த செம்பு வெள்ளி செய்யாத வேலைய இந்த ஏழு அணு செய்யுது.

சாதாரண உலோகத்த குளிர வெக்க வெக்க ரெசிஸ்டன்ஸ் எறங்கி ஒரு எடத்துல படுத்துரும். 1934ல நெதர்லாந்துல லைடன்ல தங்கத்த அளந்தவங்களுக்கு அது எறங்கி மறுபடி ஏறுச்சு, முப்பது வருஷம் ஏன்னு யாருக்கும் புரியல, 1964ல ஜப்பான்ல ஜுன் கோண்டோதான் கணக்குப் போட்டு, உள்ள கலந்திருக்கற இரும்பு மாதிரி காந்த அணுக்கள்தான் காரணம்னு சொன்னாரு. இரும்பு அணுவோட டி-ஷெல் (எலக்ட்ரான் இருக்கற ஒரு அடுக்கு) முழுசா நெறயாம இருக்கு, அதனால அது தங்கத்துக்குள்ள ஒரு குட்டி காந்தமாவே உக்காந்துருக்கு, பக்கத்துல போற எலக்ட்ரானோட ஸ்பின்ன (அதோட காந்தத் திசைய) திருப்பி விட்டு தானும் திரும்பும், குளிர் கூடக் கூட இந்தச் சிதறல் அதிகமாகும். இந்தச் சிதறலாலதான் 4 கெல்வின் (மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) பக்கத்துலகூட வயர் நல்லா வோல்டேஜ் குடுக்குது. 10 கெல்வினுக்கு மேல டிகிரிக்கு 15 மைக்ரோவோல்ட்டுக்குக் கொறையாது. அதே 4 கெல்வின்ல டைப் ஈ வயர் (குரோமெல்–கான்ஸ்டன்டன் ஜோடி) டிகிரிக்கு ரெண்டு மைக்ரோவோல்ட்டுக்கே மூச்சு வாங்கும். முன்னாடி தங்கம்–கோபால்ட் வயர் இருந்துச்சு, அதுல கோபால்ட் ரூம் டெம்பரேச்சர்லயே மெதுவா தனியா பிரிஞ்சு வந்து காலிபரேஷன் (வோல்டேஜுக்கு எவ்ளோ சூடுங்கற கணக்கு) ஓடிரும், அந்தத் தொல்லை இதுல இல்ல.

இப்ப என் புலம்பல். ஸ்பூல் வந்தவொடனே மொத வேலையா ஒரு மீட்டர் வெட்டி, ரெண்டு முனையையும் ஒரே செம்பு பிளாக்ல கிளாம்ப் பண்ணி நானோவோல்ட்மீட்டர்ல போட்டுட்டு, நடுவுல இருக்கற வயர கொஞ்சம் கொஞ்சமா திரவ நைட்ரஜன்ல (77 கெல்வின்) முக்கி நகத்திக்கிட்டே வந்தேன். முனை ரெண்டும் ஒரே சூட்டுல இருக்கறதால மீட்டர் சும்மா கெடக்கணும். அறுபது சென்டிமீட்டர் வரைக்கும் கெடந்துச்சு, அப்புறம் திடீர்னு 5 மைக்ரோவோல்ட் ஏறுச்சு, தாண்டுனதும் எறங்கிருச்சு. கை சூடோன்னு மூணு தடவ திரும்ப செஞ்சேன், அதே எடம். இரும்பு அங்க மட்டும் ஏதோ கூடக் கொறைய கலந்துருக்கு. 77 கெல்வின் பக்கம் இது கால் டிகிரிக்கு மேல தப்பு. நெறைய பேரு வோல்டேஜ் ஜாயின்ட்ல வருதுன்னு நெனைக்கறாங்க, வோல்டேஜ் வர்றது வயர் நெடுக்க சூடு மாறுற எடத்துல, அதனால நடு வயர் கெட்டா ஜாயின்ட் எவ்ளோ அழகா வெல்டு பண்ணாலும் வேஸ்ட்டு. சப்ளையருக்கு மெயில் போட்டேன், "ஹேண்ட்லிங்ல மடங்கிருக்கும் சார்"னு ஒரே வரி பதில். மடிப்பு இல்ல, லென்ஸ் வெச்சு பாத்தாச்சு.

அந்த எடத்த வெட்டி எடுத்த பொறவு மீதி வயர் தங்கம்தான், நெஜமாவே. ஜாயின்ட்டுக்கு ஸ்பார்க் வெல்டு நல்லா நிக்குது. டர்ரு டர்ருன்னு இழுக்காதீங்க, ரொம்ப மெத்து, மடிஞ்சா அந்த எடமே புது தலவலி.

மேக்னட்டுக்குள்ள மட்டும் வெக்கவே வெக்காதீங்க. ஃபீல்டு போட்டா அந்தக் குட்டி காந்தமெல்லாம் ஒரே பக்கம் திரும்பி நின்னுரும், ஸ்பின் திருப்பறது கொறையும், 10 கெல்வின் பக்கம் ரீடிங் கண்ணுக்குத் தெரியற மாதிரி தப்பும். அதுக்கு செர்னாக்ஸ் (ஃபீல்டுல அதிகம் தப்பாத ரெசிஸ்டன்ஸ் சென்சார்) வாங்கிக்கோங்க, காசு கூட ஆனாலும். ஃபீல்டு இல்லாத கிரையோஸ்டாட்டுக்கு (குளிர் அறைக்கு) என்னோட மார்க் 4/5, வயருக்கு. சப்ளையருக்கு 1.

வெட்டுன 30 சென்டிமீட்டர் துண்ட குப்பைல போடலாம்னா பில்லுல தங்கம்னு இருக்கு, ஸ்டோர்ஸ்ல கணக்கு கேக்கறாங்க. கோட்டிங்க உரிச்சு எடை போட்டேன், 70 மில்லிகிராம் சொச்சம், கவர்ல போட்டு கையெழுத்து வாங்கி வெச்சிருக்கேன்.